வீட்டுச் சுருதி

காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட மனிதரும் மாலையில் வாசலில் வந்து செருப்பைக் கழற்றும் மனிதரும் ஒருவர்தானா? தத்துவம் எழுதியவர்கள் இதைப் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். பதில்களும் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, திரும்பி வருவது எப்படியும் நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னவை. சிவகாசிப் பக்கம் அந்த வசதி கிடையாது. ஆள் வந்துவிட்டாரா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. அதே ஆள்தானா என்பதைக் காபி குடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஹெப்சிபா டீச்சரின் வாழ்க்கையைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கவென்றே அது அமைந்ததுபோல் எனக்குத் தோன்றியது உண்டு. அவருக்கு அப்படித் தோன்றியிருக்குமா என்று தெரியாது. அவர் கணக்கு டீச்சர். சாத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை, சிவகாசியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆர்கன் வாசிப்பார். மகள்கள் இருவரும் வெளியூரில் நர்ஸாக இருக்கிறார்கள். கணவர் யோபு ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். விடியும் முன்பே வேன் வந்துவிடும், வெயில் ஏறுவதற்குள் வெடிமருந்துக் கலவை வேலை முடிய வேண்டும் என்பதற்காக. பல வருடம் சாம்பிள் வெடித்துப் பார்த்ததில் யோபுவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் ரகசியம் பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும். இருவரும் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. யோபுவின் குரலில் சாதாரணப் பேச்சே சண்டைபோல்தான் கேட்கும் என்பதால் இதை அடித்துச் சொல்லவும் முடியாது.

இந்த வட்டாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் அறையில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை நேரத்தில் எங்கேயாவது ஒற்றைச் சத்தம் கேட்டால், தங்கள் கம்பெனியில் இல்லை என்றாலும், போர்மேன் எல்லாரையும் வெளியே வரச் சொல்வார். கேட்டில் ஆளுக்கு ஒரு முறை தங்கள் போனை எடுத்து வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். இரண்டு மணி அடிக்கும், நின்றுவிடும். பேசமாட்டார்கள். அந்த நேரத்தில் ஊரே ஊருக்குப் போன் போடுவதால் லைன் கிடைக்காது, பின்னால் நிற்பவருக்கும் வீடு இருக்கிறது. அந்த இரண்டு மணிக்கு அர்த்தம் 'நான் இருக்கேன்' என்பதுதான். வீட்டில் இருப்பவர் எடுக்கமாட்டார். போனைப் பார்த்துவிட்டு விட்ட வேலையைத் தொடர்வார். பேசுவதற்குக் காசு வேண்டாத காலம் வந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

டீச்சர் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் லண்டன்காரர்கள் நடத்தும் இசைத் தேர்வுகளில் மேல் வகுப்புகளை எழுதத் தொடங்கினார். அதற்கான பாடப்புத்தகத்தில்தான் சொனாட்டா வடிவத்தைச் சந்தித்தார். அதற்கு முன் அவர் சபையில் வாசித்த பாமாலைப் பாட்டு ராகங்கள் எல்லாம் நான்கு வரியில் முடிந்துவிடுபவை. இதுவோ ஒரு முழு வாதம். முதலில் ஒரு மெட்டு வரும், அதற்கென்று ஒரு சுருதி இருக்கும். பிறகு இரண்டாவது மெட்டு, வேறொரு சுருதியில். நடுப்பகுதியில் இரண்டும் உடைந்து, கலந்து, ஊர் ஊராக அலையும். கடைசியில் இரண்டும் திரும்பி வரும். அப்போது இரண்டாவது மெட்டும் முதலாவதன் சுருதியிலேயே ஒலிக்கும். முதலாவதன் சுருதியை டீச்சர் வீட்டுச் சுருதி என்று சொன்னார். புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். எனக்கு டீச்சரின் சொல்லே சரி என்று படுகிறது.

இதை யோபுவுக்கு விளக்கியபோது அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டாவது மெட்டு கல்யாணம் ஆகி வந்துருச்சாக்கும்" என்றார் யோபு.

"ஆமா. வந்ததும் அதோட சொந்தச் சுருதி போயிருது, பாருங்க."

"ஒனக்கு எங்க போச்சு? இன்னிய வரைக்கும் ஒன் சுருதியிலதான நான் பாடுதேன்."

"நீங்க பாடுறத எந்தச் சுருதியிலயும் சேக்க முடியாது. சட்னி போதுமா?"

அந்த வடிவத்தில் தானும் ஒன்று எழுத வேண்டும் என்று அவருக்கு எப்போது தோன்றியது என்பது தெரியவில்லை. பரீட்சைத் தாள் திருத்தாத மாலைகளில் கம்ப்யூட்டரில் எழுதினார். ஒரு முழு இசைக்குழுவுக்கு: வயலின், வயோலா, செல்லோ, கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் சேர்த்து. எழுதியதை அந்தக் கம்ப்யூட்டரே சின்ன ஸ்பீக்கரில் வாசித்துக் காட்டும். வருடங்கள் ஆயின. இதை ஒரு சாதனை என்று நான் சொல்லமாட்டேன். பொறுமையாக எழுதப்பட்ட எத்தனையோ மோசமான இசை உலகத்தில் இருக்கிறது.

ஆனால் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் உண்மையானது. இன்றைக்கு இசை எழுதுகிறவர்கள் வீட்டுச் சுருதியை விட்டு வெளியேறி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எந்தச் சுரமும் வீடு இல்லை, எல்லாமே வழி. அப்படியிருக்க, திரும்பி வருவதையே உயிராகக் கொண்ட ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மதுரை ஜோபின் கேட்டது இதைத்தான். ஜோபின் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சபைகளில் வயலின் வாசிப்பவர்களையும் பேண்டு செட்டில் ஊதுபவர்களையும் சேர்த்து ஒரு இசைக்குழு நடத்துகிறார், அதில் சிவகாசிக்காரர்களும் சிலர் உண்டு. டீச்சரின் ஸ்கோரை, அதாவது எழுதிய இசைத்தாளை, வாங்கிப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது காலி வீடு. குடியிருந்தவங்க எல்லாரும் போயாச்சு. நீங்க உக்காந்து பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருக்கீங்க."

"நான் குடியிருக்கேன் தம்பி. குடியிருக்க வீட்டுக்குத்தான் பெயிண்ட் அடிப்பாக."

ஜோபின் சிரித்தார், ஆனால் விடவில்லை. டீச்சரின் இசையிலும் பழைய பொருளில் சுருதி கிடையாது. முதல் மெட்டு ஒரே சுரத்தில் இரண்டு குறுகிய ஒலிகளோடு தொடங்கி மேலே ஏறும், அவ்வளவுதான் அதன் அடையாளம். அதை வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா வாசிக்கும். நடுப்பகுதி நீளமானது, எனக்கு இன்றும் அது தேவைக்கு மேல் நீளம் என்றே படுகிறது. அதன் முடிவில் முழுக் குழுவும் அமைதியாகி, பிறகு அந்த மெட்டு திரும்பி வர வேண்டும். அங்கேதான் ஜோபின் விரலை வைத்தார்.

"பழைய ஆளுகளுக்குச் சுருதியே சொல்லிரும், வீடு வந்துருச்சுன்னு. உங்களுக்கு எது சொல்லும்? கேக்குறவனுக்குத் தெரியணும்க்கா, வந்துட்டோம்னு. தெரியலைன்னா இது கதையே இல்ல, வெறும் அலைச்சல். அந்த இடத்தைச் சரி பண்ணுங்க, ஜனவரியில வாசிக்கிறேன். முடியலைன்னா வேற ஒண்ணு போட்டுருவேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

"நல்லது. மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தான் கணக்கு ஏறும்."

அவர் அப்படிச் சொன்னாலும், அன்றிலிருந்து பொங்கல் வரை அவர் மனதில் இருந்தது அந்த ஒரு இடம்தான். தான் எழுதிய ஒரே இசை, தன் ஊரில் ஒருமுறை கேட்குமா கேட்காதா என்பது ஒரு அமைதிக்குப் பிறகு வரும் சில நொடிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சிக்கு மண்டபம் கொடுத்தவர் ஜெயச்சந்திரன். காலண்டர் அச்சடிக்கும் பெரிய பிரஸ் அவருடையது, கல்யாண மண்டபமும் உண்டு. அவருடைய மகள்கள் டீச்சரிடம் கணக்கு படித்துப் பாஸானவர்கள். அந்த நன்றியில் மண்டபத்தைக் கொடுத்தார், கூடவே யோசனையும் கொடுத்தார்.

"டீச்சர், சிவகாசி சிம்பொனின்னு போஸ்டர் அடிச்சாச்சு. கேட்டா ஒரு வெடி கூட இல்லேங்கீக. ஊர்ல என்னையப் பாத்துச் சிரிப்பாக."

"வருசம் பூரா கேக்குற சத்தந்தான சார் அது?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். ஒரே ஒரு வெடி. அணுகுண்டு வேண்டாம், லட்சுமி வெடி போதும்."

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் ஜோபினும் கிட்டத்தட்ட அதையே வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்: நீண்ட அலைச்சல் மெலிந்து மெலிந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆகும் இடத்தில் பேஸ் டிரம்மில் ஒரே ஒரு அடி, பிறகு அமைதி, பிறகு மெட்டு. கதவு திறந்த மாதிரி இருக்கும் என்றார். டீச்சர் கம்ப்யூட்டரில் அந்த அடியை எழுதிப் போட்டுக் கேட்டுப் பார்த்தார். சின்ன ஸ்பீக்கரில் அது மேஜையில் ரப்பர் விழுந்ததுபோல் 'டொப்' என்றது. பரவாயில்லை என்று தோன்றியது. ஒத்துக்கொண்டார்.

இந்த மண்ணிலேயே பிறந்து, ஒரு போர்மேனைக் கட்டிக்கொண்டு, அந்த ஒற்றைச் சத்தத்தின் பொருள் தெரியாமல் எழுதினாரா என்றால், தெரியாமல்தான் எழுதினார். எழுதும்போது காது எங்கோ வெளியூரில் இருந்தது. இது எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் நேர்வது. நடுப்பகுதியின் நீளத்தை விட்டால், அவரிடம் நான் குறை காண்பது இந்த ஒரு இடத்தில்தான்.

பேஸ் டிரம் வாசிக்க சிவகாசிக்காரரான சண்முகவேல் வந்தார். கோயில் கொடை, தேர்தல் ஊர்வலம், சபையில் எல்லாருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகை எல்லாவற்றுக்கும் அடிக்கும் பேண்டு செட்டின் பெரிய டிரம் அவருடையது. இருபது நிமிட இசையில் தனக்கு ஒரே ஒரு அடி என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"டீச்சர், ஒத்த அடிக்கா என்னையக் கூட்டிட்டு வந்தீக?"

"ஒண்ணுன்னாலும் முழுசா அடிக்கணும் அண்ணாச்சி."

"அடிக்கேன் பாருங்க. ஊருக்கே கேக்கும்."

கேட்டது.

சிவகாசியில் ஒத்திகை நடந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். மண்டபத்தின் எல்லாக் கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. பின்பக்கம் பேச்சியம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் துப்புரவு வேலை அவருக்கு. அவர் மகள் ஆனைக்குட்டம் போகும் வழியில் ஒரு கம்பெனியில் சரவெடிக்குத் திரி பின்னுகிறாள். வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசிக் கிளாரினெட்டும் தேய்ந்து மறைந்தது. ஜோபின் கையைக் காட்டினார். சண்முகவேல் முழுசாக அடித்தார்.

கல்யாண மேளம் அடித்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சாயங்காலம் சாம்பிள் வெடித்தாலும் பார்க்கமாட்டார்கள், அது தொடர்ந்து வரும். பட்டப்பகலில் ஒரே ஒரு கனமான சத்தம், அதன்பின் எதுவும் இல்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான். டீச்சர் எழுதியது அதையேதான், சத்தத்தையும் அதன்பின் வரும் அமைதியையும் சேர்த்து.

பேச்சியம்மாள் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. எதிர்ப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ரோட்டுக்கு வந்தார்கள். "எங்கனலே? எங்கன?" என்று யாரோ கத்தினார். மேடையில், ஜோபின் தூக்கிய கை தூக்கியபடி நிற்க, சிவகாசிக்கார வாசிப்பாளர்கள் அத்தனை பேர் கையும் சட்டைப் பைக்கும் கைப்பைக்கும் போயிருந்தது. டிரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு ஒருவர் போனை எடுத்தார். தன் முதுகுக்குப் பின்னால்தான் சத்தம் வந்தது என்பது அவருக்கும் தெரியும். கை அதற்குள் போய்விட்டது. மதுரைக்காரர்கள் வில்லைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். டீச்சரும் தன் போனைக் கையில் எடுத்திருந்தார்.

"யக்கா, நாந்தான், நாந்தான் அடிச்சேன்!" என்று சண்முகவேல் குச்சியை ஆட்டிக் காட்டினார். பேச்சியம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை.

டீக்கடையிலிருந்து போன செய்தி அதற்குள் ஊரைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு கம்பெனிக்கும் யாரோ கூப்பிட்டு "அங்கனயா?" என்று கேட்டார்கள். போர்மேன்கள் முறைப்படி எல்லாரையும் கேட்டுக்கு வரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்துக்குள்ளேயே அது கேட்கத் தொடங்கியது. மேடையின் இடது பக்கம் ஒரு கைப்பையிலிருந்து இரண்டு மணி அடித்து நின்றது. பிறகு பின்வரிசையில், பிறகு வாசலில். யாரும் எடுக்கவில்லை. அடித்து நின்ற இடத்தில் எல்லாம் ஒருவர் மூச்சு விட்டுக் குனிந்து வாத்தியத்தை எடுத்தார். பேச்சியம்மாளின் போன் கடைசியாக அடித்தது. அதைப் பார்த்துவிட்டு அவர், "இருக்கா" என்றார், யாரிடம் என்றில்லாமல். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். பிறகுதான் சண்முகவேலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, எடுபட்ட பயலே, அறிவு இருக்கா ஒனக்கு? இம்புட்டுப் பெரிய கட்டைய வச்சிக்கிட்டு ஒத்தையா அடிப்பியோ? அடிச்சா பத்து அடி அடி!"

தீயணைப்பு வண்டி ஒன்று தெருமுனை வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. மதியத்துக்குள் யோபு வந்துவிட்டார். கோபமா சிரிப்பா என்று முகத்தில் தெரியவில்லை.

"அம்புட்டுச் சனத்தையும் வெயில்ல வெளிய நிறுத்தி வச்சேன். யாரு வீட்டுல சத்தம்னு கேட்டா, எம் பொண்டாட்டியாம்!"

"நீங்க எனக்கு அடிச்ச மிஸ்டு கால் வந்துச்சு."

"வராம? எங்க போனாலும் அடிப்பேன்ல்லா." பிறகு குரலைத் தாழ்த்த முயன்றார். "ஏ ஹெப்சி, ஒன் பாட்டு நல்லாத்தான் இருக்கும்போல. ஒரு அடியிலயே எட்டு கம்பெனிய மூடிட்டியே."

ஊர் ஒரு வாரம் சிரித்தது. பள்ளியில் பிள்ளைகள் டஸ்டரைத் தரையில் போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயச்சந்திரன் நேரில் வந்தார். "டீச்சர், வெடி வேணும்னு நான் சொன்னதே இல்ல. சரியா?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜோபின் மதுரையிலிருந்து போனில் பேசினார். டிரம் கூடாது என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டிரம் போனால் அந்த இடம் பழையபடி வெறும் ஓட்டைதான். "அமைதி இருக்கு, மெட்டு இருக்கு, நடுவுல வந்து சேந்ததுக்கு ஒண்ணும் இல்ல. மதுரையில கடைசி ரிகர்சல். அதுக்குள்ள வரலைன்னா புரோகிராம்லேருந்து எடுத்துருவேன்க்கா."

கடைசி ஒத்திகைக்கு டீச்சர் பஸ்ஸில் மதுரை போனார். திருத்திய தாள்களைத் தானே ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வைத்தார். அமைதி அப்படியே இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் நீளமாக. அதன் பிறகு வயோலாவில் முதல் மெட்டின் தொடக்கம், ஒரே சுரத்தில் இரண்டு குறுகிய ஒலிகள் மட்டும். மெட்டு தொடராது. மறுபடி அமைதி. எங்கோ பின்னாலிருந்து கிளாரினெட் அதே இரண்டு. பிறகு ஒரு வயலின், பிறகு செல்லோ, பிறகு வாயில் அடைப்பு வைத்த டிரம்பெட். இப்படி குழுவின் எல்லா மூலையிலிருந்தும் வந்து முடிந்த பிறகுதான் வயோலா முழு மெட்டையும் எடுக்கும். இரண்டாவது மெட்டு, முதலில் தொடங்கிய அதே சுரத்தில், தன் சொந்தச் சுருதியிலேயே என்று சொல்லும்படி, திரும்பி வந்தது. அதில் யாரும் கை வைக்க டீச்சர் விடவில்லை.

ஜோபின் வாசிக்க வைத்துவிட்டுத் தாளை அந்த இடத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மெட்டு வர்றதுக்கு முன்னாடியே வந்துருது" என்றார்.

"ஆமா."

"கேக்குறவனுக்குப் புரியுமாக்கா?"

"எங்க ஊர்ல புரியும்."

"வேற ஊர்ல?"

"அது ஒங்க பாடு தம்பி."

உலகத்தின் ஒலியை அப்படியே எடுத்து இசைக்குள் வைப்பது எளிய வித்தை. அதில் எனக்கு மரியாதை இல்லை. இங்கே நடந்தது அதுதானா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த இரண்டு ஒலிகள் போனிலிருந்து வந்தவை அல்ல. வருடங்களுக்கு முன்பே, மெட்டின் முதல் இரண்டு சுரங்களாக, அவை எழுதப்பட்டிருந்தன. டீச்சர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. மெட்டை அதன் இரண்டாவது சுரத்திலேயே நிறுத்தினார், அவ்வளவுதான். பழைய வடிவத்தில் சுருதி செய்த வேலையை இங்கே கேட்பவர்களின் பழக்கம் செய்தது. காலியான வீடு என்று ஜோபின் சொன்னதற்கு இது ஒரு பதில். முழுப் பதில் என்று சொல்லமாட்டேன்.

நிகழ்ச்சி அன்று மாலை மண்டபம் நிறைந்திருந்தது. சபைக்காரர்கள், நர்ஸுகள், டீச்சர்கள், பிரஸ் முதலாளிகள், யோபுவின் கம்பெனியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள். மேடை ஏறிய ஜோபின் ஒரு நிமிடம் நின்றார். வலது பக்கம் பின்னால் பேஸ் டிரம் இருந்தது. அதன் அருகில் சண்முகவேல், பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டுப் போடாமல், வெள்ளைச் சட்டையில். அவருக்கு முன்னால் ஸ்டாண்டும் தாளும் இருந்தன. இது யார் ஏற்பாடு என்று ஜோபின் முன்வரிசையைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார்.

எதிரில் இருந்த அத்தனை பேரும் அந்த டிரம்மைத்தான் பார்த்தார்கள். ஒத்திகையில் நடந்தது தெரியாதவர் மண்டபத்தில் யாரும் இல்லை. முதல் மெட்டு வந்தது, இரண்டாவது வந்தது, நடுப்பகுதியின் நீண்ட அலைச்சல் வந்தது. ஒரு கண் வயலின் மேலும் ஒரு கண் டிரம் மேலும் வைத்தே ஊர் கேட்டது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓயத் தொடங்கியபோது சண்முகவேல் குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். பின்வரிசையில் ஒரு நாற்காலி முனகியது. கடைசிக் கிளாரினெட் நின்றது.

அவர் அடிக்கவில்லை. டிரம் தோலுக்குக் கொஞ்சம் தள்ளிக் குச்சியைப் பிடித்தபடி நின்றார். மண்டபம் மூச்சைப் பிடித்திருந்தது. யாரும் பைக்குள் கை விடவில்லை. பிறகு வயோலாவிலிருந்து அந்த இரண்டு ஒலிகள்.

"இருக்கா" என்றார் பேச்சியம்மாள், மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், நன்றாகக் கேட்கும்படி.

சிலர் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. கிளாரினெட் வந்தபோது இன்னொரு மூலையில் யாரோ தலையாட்டுவது தெரிந்தது. முழு மெட்டும் திரும்பி வந்தபோது, ஜோபினின் முதுகு தளர்ந்ததை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். அது காலையில் போன மெட்டேதானா என்றால், சுரங்கள் எல்லாம் அவைதான். முதல் முறை அதை நான் ஒரு சாதாரண மெட்டு என்று நினைத்தேன். இப்போதும் அது சாதாரண மெட்டுத்தான். ஆனால் அதை இழக்க மனம் இல்லை.

முடிந்ததும் ஜெயச்சந்திரன் மேடையில் ஏறிப் பொன்னாடை போர்த்தினார், டீச்சருக்கு ஒன்று, ஜோபினுக்கு ஒன்று. சண்முகவேலுக்கு மூன்றாவதாக ஒன்று போர்த்தி, "ஒரு அடி கூட அடிக்காம பொன்னாடை வாங்கின மொத ஆளு நீருதாம்யா" என்றார். யோபு தன் ஆட்களிடம், "எனக்கு அந்தச் சின்னச் சத்தம் ஒண்ணும் காதுல விழல. ஆனா நீங்க அம்புட்டுப் பேரும் மூச்சு விட்டீகள்லா, அது கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஜோபின் அதை மதுரையில் வாசித்தார், திருச்சியில் வாசித்தார். அங்கெல்லாம் அந்த இடம் புரிந்ததா என்றால், சிலருக்குப் புரிந்தது என்கிறார். அவருக்குப் பெரிய தொல்லை டிரம்தான். வேனில் அதற்குத் தனி இடம் வேண்டும், சண்முகவேலுக்கு ஒரு சீட் வேண்டும்.

"அக்கா, சிவகாசியில சரி. அங்க அது ஏதோ ஒரு காரணத்துக்கு. மதுரையில அந்த டிரம் எதுக்கு? ஒரு அடி கூட இல்ல."

"அது இருக்கணும் தம்பி."

"அதான், எதுக்கு?"

"சாப்பிட்டீகளா? வாங்க, தோசை ஊத்துதேன்."

யோபுவும் கேட்டுப் பார்த்திருக்கிறார். அவருக்கும் தோசைதான் கிடைத்தது. சண்முகவேல் தனக்காகத்தான் என்று நினைக்கிறார், அதை யாரும் மறுக்கவில்லை. ஜெயச்சந்திரன் தன் பிரஸ்ஸில் அந்த ஸ்கோரை நல்ல தாளில் அச்சடித்துக் கொடுத்தபோது, காலியாக இருக்கும் டிரம் வரியை எடுத்துவிட்டால் பக்கம் அடக்கமாக இருக்கும் என்று அவருடைய ஆட்கள் சொல்லி அனுப்பினார்கள். டீச்சர் பிரஸ்ஸுக்கு நேரில் போய் புரூஃப் பார்த்தார். வரி இருக்கட்டும் என்றார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பேஸ் டிரம்முக்கு ஓய்வுக் குறிகள் மட்டும் அச்சாகியிருக்கின்றன. மெட்டு திரும்பி வருவதற்கு முந்தைய அந்த ஒரு இடத்தில் மட்டும், ஓய்வுக் குறிக்கு மேலே, அவர் கையால் எழுதிச் சேர்த்தது சிறிய எழுத்தில் இருக்கிறது: எழுந்து நிற்கவும்.